உப்புக் காற்றுக்கு வந்த பெட்டி

1958ஆம் ஆண்டு. கலிஃபோர்னியாவில் டேவிட் பால் கிரெக் என்ற பொறியாளரை ஒரு யோசனை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. பாட்டைத் தட்டில் பதிக்க முடிகிறதே, படத்தைப் பதித்தால் என்ன? ஊசி உரசுவதால்தான் இசைத்தட்டு தேய்கிறது. ஊசிக்குப் பதிலாக ஒளியை வைத்துப் படித்தால் எத்தனை முறை சுற்றினாலும் தட்டு புதிதாகவே இருக்கும். யோசனை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சந்தைக்குக் கொண்டுவரப்போகும் லேசர், உலகத்தில் பிறக்கவே இன்னும் 2 ஆண்டுகள் இருந்தன.

1960களின் பிற்பகுதியில் கிரெக்கின் காப்புரிமைகள் எம்.சி.ஏ. நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்தன. யுனிவர்சல் ஸ்டுடியோ அப்போது அதன் கையில் இருந்தது. கிடங்கு நிறையப் பழைய படங்கள். நாடாவில் படம் பதிக்க வேண்டுமானால் நீளம் முழுவதும் ஓடவிட்டுத்தான் பதிக்க வேண்டும். தட்டையோ அச்சில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்துவிடலாம், அதிரசம் தட்டுவதுபோல. எனவே சில டாலர்களுக்குப் படத்தை வீட்டுக்கு வீடு விற்கலாம் என்று எம்.சி.ஏ. கணக்குப் போட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. படத்தட்டு பிறந்ததே ஏழைக்கும் எட்டும் விலையில் விற்பதற்காகத்தான். பிறகு நடந்தது வேறு.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் அதே வேலையில் இறங்கியிருந்தது. இருவரும் கைகோத்தார்கள். 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரக் கடைகளில் பிளேயரும் தட்டும் விற்பனைக்கு வந்தன. 30 சென்டிமீட்டர் அகலத்தில், தோசைக்கல் அளவில், வெள்ளி மின்னும் தட்டு. ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ படமும் அதில் வந்தது. 20 ஆண்டுக் கனவு நனவான நாள். ஆனால் முந்திய ஆண்டே அமெரிக்கக் கடைகளுக்கு இன்னொரு விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டது.

அதுதான் வி.எச்.எஸ். கேசட். படம் கொஞ்சம் மங்கல். ஆனால் டிவியில் ஓடுவதைப் பதிந்துகொள்ளலாம். தட்டில் அது முடியாது. போதாக்குறைக்குத் தட்டு தயாரித்த தொழிற்சாலையில் தூசி. ஒளியால் படிக்கும் பள்ளங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியவை. ஒரு துகள் விழுந்தாலும் திரையில் கோளாறு. சில தட்டுகளில் இரண்டு பாதிகளையும் ஒட்டிய இடத்தில் காற்று புகுந்து, உள்ளே இருந்த அலுமினியம் அரிக்க ஆரம்பித்தது. சில டாலருக்கு விற்கப் பிறந்த தட்டு ஆள் இல்லாத கடையில் தூங்கியது. அதைத் தூக்கி நிறுத்தப்போகிறவர் சினிமாக்காரராகக்கூட இல்லை.

அந்தக் கதைக்குப் போகுமுன் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரான மண்டபத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. கடலுக்கு அந்தப் பக்கத்து அலை எங்கள் பக்கத்துக்கு நன்றாகவே எட்டியது. இரும்புக் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, உச்சியில் ஆன்டெனாவை வைத்துக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் எழும்புவதற்கு நெடுநாள் முன்பே இந்தக் கரைக்குத் தமிழ்ப் படம் கடல் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. காற்று திசை மாறினால் சிவாஜியின் முகம் புள்ளிப் புள்ளியாகக் கரையும். வீட்டுப் பையன் ஒருவன் மாடியில் குழாயைத் திருப்பிக்கொண்டே நிற்பான். ஓடி முடிந்த படம் முடிந்ததுதான், மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு ‘டெக்’ என்ற கேசட் பிளேயர் வந்தது. டிவியும் டெக்கும் 3 கேசட்டும் சேர்த்து ஒரு ராத்திரி வாடகை. கல்யாண வீடு, சுன்னத்து வீடு, மீன்பாடு நன்றாக இருந்த நாள் என்று எதற்கும் டெக் எடுத்தார்கள். எங்கள் தெருமுனையில் கேசட் கடை வைத்திருந்தவரை ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டது. அவருக்கு வாய்த்த எதிரி உப்புக் காற்று. மழைக்காலம் முடிந்ததும் கேசட்டுக்குள் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும், கருவாட்டில் பூப்பதுபோலவே. காக்கா கடைத் திண்ணையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, கேசட்டைக் கவிழ்த்து 5 திருகாணிகளையும் கழற்றுவார். பழைய மல்லு வேட்டித் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, இரண்டு விரலுக்கிடையில் நாடாவைப் பிடித்து அடி அடியாக இழுத்துத் துடைப்பார். 3 மணி நேரப் படத்துக்கான நாடா ஏறக்குறைய 250 மீட்டர் வரும். அவசரப்பட்டால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் படம் நடுங்கும். ஒரு நாள் முழுக்க இருந்தால் 3 கேசட் துடைப்பார். அதற்காக வாடகையைக் கூட்டியதில்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் ஒருவர் பழைய படத்தை வேறொரு மாதிரிக் காப்பாற்ற நினைத்தார்.

பாப் ஸ்டீன் என்பது அவர் பெயர். புத்தகக்காரர். எதிர்காலப் புத்தகம் எப்படி இருக்கும் என்று பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தவர். ஆள் இல்லாமல் கிடந்த அந்த வெள்ளித் தட்டில் அவர் கண்ணுக்கு மட்டும் ஒன்று பட்டது. தட்டின் ஒரு பக்கத்தில் 54,000 சட்டகங்கள். எந்தச் சட்டகத்தை வேண்டுமானாலும் எண் கொடுத்து நிறுத்தலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம், புத்தகத்தைப் புரட்டுவதுபோல. அப்படியானால் படத்தோடு படம் பிறந்த கதையையும் வரைபடங்களையும் கடிதங்களையும் சேர்த்து ஒரு புத்தகமாகவே பதிப்பிக்கலாமே!

1984இல் ஸ்டீன், அலீன் ஸ்டீன், ஜோ மெட்ஜக் மூவரும் சேர்ந்து கிரைட்டீரியன் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். முதலில் எடுத்தவை இரண்டு பழைய படங்கள். ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’, 1933இல் வந்த ‘கிங் காங்’. இரண்டாவது படத்தைத் தட்டுக்கு மாற்றும் வேலையை மேற்பார்வையிட வந்தவர் ரொனால்ட் ஹேவர், லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் திரைப்படப் பிரிவைக் கவனித்தவர். வேலை நடக்க நடக்க அவர் வாய் ஓயவில்லை. இந்தக் குரங்கின் உயரம் எவ்வளவு, இந்தக் காட்டை எப்படி உண்டாக்கினார்கள் என்று ஒவ்வொரு காட்சிக்கும் கதை வைத்திருந்தார். கேட்டவர்களுக்கு வேலை மறந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. தட்டில் ஒலிக்கு 2 தடங்கள் உண்டு. பழைய படத்துக்கு 1 போதும். மற்றொன்று சும்மா கிடக்கிறது.

ஹேவரை ஒலிவாங்கி முன் உட்கார வைத்தார்கள். படம் ஓட ஓட அவர் பேசினார். இயக்குநர் உரை, அறிஞர் உரை என்று இன்று டிவிடிகளில் சர்வசாதாரணமாக இருக்கும் விளக்கத் தடம், அப்படிக் காலியாக இருந்த ஒரு தடத்தில் பிறந்ததுதான். சினிமாப் பைத்தியங்கள் துள்ளிக் குதித்தார்கள். துள்ளல் விலைச்சீட்டைப் பார்க்கும்வரைதான் நீடித்தது.

சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்க்கும் வசதி வேண்டுமானால் ஒரு பக்கத்தில் 30 நிமிடம்தான் பதிக்க முடியும். 2 மணி நேரப் படத்துக்கு 4 பக்கங்கள். கூடவே ஆவணங்கள், கனத்த அட்டைப் பெட்டி, உரிமைத் தொகை. வாங்குவோரோ சில ஆயிரம் பேர். பெரிய பெட்டிகளின் விலை 100 டாலரைத் தாண்டியது. சில டாலருக்கு வீட்டுக்கு வீடு போக வேண்டிய தட்டு, நகைக்கடைப் பொருளாக மாறிய இடம் இதுதான். சேகரிப்பாளரின் ஆற்றாமையும் இங்கேதான் தொடங்கியது. படத்தை உயிராக நேசிப்பவனுக்குத்தான் இந்தப் பெட்டி வேண்டும், அவனிடம்தான் பெரும்பாலும் காசு இருப்பதில்லை. அவன் அலுத்துக்கொள்வதைப் பேராசை என்று சொல்லுவோரை எனக்குப் பிடிக்காது. வாங்கி முடித்த சில ஆண்டில் டிவிடி வந்தது, பிறகு புளூ-ரே, பிறகு 4கே. அதே படத்தை 3 முறை, 4 முறை வாங்கியவர்கள் உண்டு.

இதற்கிடையில் கதை கல்கத்தாவுக்குத் திரும்பியது. 1992 மார்ச்சில் வங்காள இயக்குநர் சத்யஜித் ரேக்கு சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அவர் அதை வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 23ஆம் தேதி மறைந்தார். விருது விழாவுக்காக அவர் படங்களின் துண்டுகளைத் தேடியபோது நல்ல பிரதி கிடைப்பதே அரிதாக இருந்தது. அசல் நெகடிவ்களை மீட்டெடுக்க முயற்சி தொடங்கியது. பெட்டிகள் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் என்ற ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. காப்பாற்றத்தான் அனுப்பினார்கள்.

1993 ஜூலையில் அந்த ஆய்வகம் தீப்பிடித்தது.

‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ மூன்றின் நெகடிவ்களும் உள்ளே இருந்தன. மனைவியின் நகைகளை அடகு வைத்து, பாதியில் நின்று, மேற்கு வங்க அரசின் உதவியால் 1955இல் முடிந்த படம் பதேர் பாஞ்சாலி. அதன் சுருள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, ஓரம் கருகி, தொட்டால் உதிரும் நிலையில் வெளியே வந்தன. அன்று எந்த ஆய்வகத்தாலும் இவற்றிலிருந்து படம் எடுக்க முடியவில்லை. குப்பையில் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகத்தார் மட்டும் துண்டு துணுக்குகளைக்கூட விடாமல் டப்பாக்களில் எடுத்துப்போய்ப் பூட்டி வைத்தார்கள். 20 ஆண்டுகள் அந்த டப்பாக்கள் திறக்கப்படவில்லை.

அந்த 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு சுவையான திருப்பம் நிகழ்ந்தது. 1983இல் டெல்லியில் மோசர் பேயர் என்ற கம்பெனி பிறந்திருந்தது. அது செய்தது, ஊழியர் வேலைக்கு வரும் நேரத்தை அட்டையில் குத்தும் கடிகாரம். சுவிட்சர்லாந்துக் கடிகாரக் கம்பெனியின் கூட்டு, அதனால்தான் அந்தப் பெயர். கடிகாரத்திலிருந்து ஃப்ளாப்பிக்கும், அதிலிருந்து வெற்று சிடிக்கும் தாவியது. வெற்றுத் தட்டைக் கோடிக்கணக்கில் அழுத்தத் தெரிந்தவர்களுக்கு அடுத்த யோசனை தானாக வந்தது. படத்தையும் அழுத்தி விற்றால் என்ன? ஒரிஜினல் டிவிடி சில நூறு ரூபாய் விற்ற காலத்தில், திருட்டு விசிடி தெருவை ஆண்ட காலத்தில், 2007இல் அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு வியாபாரிகளே நம்பவில்லை.

விசிடி 28 ரூபாய். டிவிடி 34 ரூபாய்.

எம்.சி.ஏ. 1960களில் போட்ட கணக்கு 40 ஆண்டு கழித்து நொய்டாவில் பலித்தது. மண்டபத்தில் பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் டிவிடிகள் தொங்கின. காக்கா அதற்குள் கேசட்டுகளை மூட்டை கட்டிவிட்டிருந்தார். அவரும் ஒரு கம்பியில் 34 ரூபாய்த் தட்டுகளைத் தொங்கவிட்டார். நான் வாரத்துக்கு இரண்டு வாங்கினேன். அந்த நாட்களின் சந்தோஷத்தை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலிவுத் தட்டுகளில் குறை இல்லாமல் இல்லை. சந்தையில் 3 படங்களை ஒரே தட்டில் திணித்தவர்கள் இருந்தார்கள், அகலத்திரைப் படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டியவர்கள் இருந்தார்கள். தேய்ந்த பிரதியை அப்படியே ஏற்றியதால் பத்மினியின் ஜதி கீறல்களுக்கு நடுவே நடந்தது. சுத்தம் செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும், 34 ரூபாயில் அது எங்கிருந்து வரும்? வாசலில் இணையம் வந்து நின்றது. தட்டு விற்பனை சரிந்தது. 2018இல் மோசர் பேயரைக் கலைத்துக் கடனை அடைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் அதற்குச் சில ஆண்டு முன்பே இத்தாலியில் அந்த டப்பாக்கள் திறக்கப்பட்டிருந்தன.

2013 வாக்கில் கிரைட்டீரியனும் அகாடமி காப்பகமும் கருகிய சுருள்களைப் போலோஞ்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா பட்டறைக்கு அனுப்பினார்கள். காய்ந்து சுருங்கிய பிலிமுக்கு மெல்ல ஈரம் ஏற்றினார்கள், ஒட்டியது பிரிவதற்காக. உருகி வழிந்திருந்த பசையையும் மெழுகையும் சுரண்டினார்கள். உடைந்த ஓரத்துளைகளை ஒவ்வொன்றாகப் புதிதாக ஒட்டினார்கள். கையால் மட்டுமே ஏறக்குறைய 1,000 மணி நேர வேலை. பிறகு ஒவ்வொரு சட்டகமாக 4கேயில் படம் பிடித்தார்கள். இறந்துவிட்டதாக எழுதப்பட்ட பதேர் பாஞ்சாலி நெகடிவில் 40 சதவீதம் பிழைத்தது. அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேல். மூன்றாவது படத்தின் நெகடிவ் தேறவில்லை, அதை வேறு நல்ல பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். பதேர் பாஞ்சாலி முதன்முதலில் உலகத்துக்குக் காட்டப்பட்டது 1955 மே மாதம், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். 2015 மே மாதம், அதே இடத்தில், 60 ஆண்டு கழித்து அந்தப் படத்துச் சிறுவன் அப்பு மறுபடி கண் திறந்தான். அந்த நவம்பரில் 3 படங்களும் ஒரே பெட்டியில் புளூ-ரேயாக வந்தன.

விலை ஏறக்குறைய 100 டாலர். அன்றைய மதிப்பில் 6,500 ரூபாய்க்கு மேல், தபால் செலவும் சுங்க வரியும் தனி. 34 ரூபாய்த் தட்டில் 190 வாங்கலாம்.

ஓராண்டு சேர்த்து வைத்து, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நண்பரின் பெட்டிக்குள் வரவழைத்தேன். பிரித்து, ஒரு தட்டைப் பிளேயரில் போட்டேன். திரையில் ஒரு வரி தோன்றியது. பிராந்தியம் பொருந்தவில்லை. உலகத்தைக் கூறு போட்டுத் தட்டுகளைப் பூட்டும் ஏற்பாடு டிவிடி காலத்திலேயே வந்தது. படம் எந்த நாட்டில் எப்போது வெளியாக வேண்டும் என்பதை ஸ்டுடியோக்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்வதற்காக. புளூ-ரேயில் அமெரிக்கா ‘ஏ’, இந்தியா ‘சி’. போரால் என்ற கிராமத்தில் எடுத்த படம், வங்காளத்துப் பிள்ளைகள் நடித்த படம், இந்தியாவில் வாங்கிய பிளேயரில் ஓடாது. அன்று ராத்திரி எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

வழி கடல் பக்கத்திலிருந்தே வந்தது. அந்தப் பூட்டுக் கணக்கில் சிங்கப்பூரும் ‘ஏ’தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான் லீவில் வந்தபோது பழைய பிளேயர் ஒன்றைத் தூக்கிவந்தார். அதன் பிளக்குக்கு 3 செவ்வகக் கால்கள், எங்கள் வீட்டுச் சுவரிலோ வட்ட ஓட்டைகள். கீழத்தெருவில் ஒரு எலக்ட்ரிக் கடையில் அடாப்டர் கிடைத்தது. காக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சி. சிறுவயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் நான் பார்த்தபோது அது வெறும் வெள்ளைப் புகைச்சலாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு பூவும் தனித்தனியாக அசைந்தது. காக்கா ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்ததும் பெட்டியில் இருந்த மீட்பு வேலை பற்றிய குறும்படத்தைப் போட்டேன். கருகிய சுருளை ஒருவர் விரல்நுனியில் பிடித்துத் துடைப்பது தெரிந்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நிறுத்து தம்பி. அந்தக் கையை மறுபடி காட்டு.”

காட்டினேன். 3 முறை பார்த்தார். பிறகு விலை கேட்டார். சொன்னேன். மனக்கணக்குப் போடுவதுபோல் உதடு அசைந்தது.

“கொள்ளையாத்தான் இருக்கு. ஆனா வேலை பார்த்திருக்கான்.” கொஞ்சம் பொறுத்து, “நம்ம சிவாஜி படத்துக்கு இப்படி யாராச்சும் உக்காந்து துடைக்கிறாங்களா?” என்றார்.

2012இல் ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டரில் விட்டதையும், அது 100 நாளைத் தாண்டி ஓடியதையும் சொன்னேன். அவருக்கே தெரிந்திருந்தது, இராமநாதபுரம் போய்ப் பார்த்தவர். அவர் கேட்டது தியேட்டரை அல்ல, வீட்டு அலமாரியில் வைக்கும் பெட்டியை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸில்’ ஒரு சுருள்கூட மிச்சமில்லை என்பதை நான் எடுக்கவில்லை.

போகும்போது பெட்டியை வாங்கி, முதுகுப் பக்கத்தை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார். “சுவரை ஒட்டி வைக்காதே, உப்பு ஏறும்” என்றார். மறுநாள் காலையில் அவர் பேரன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றான். புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், எண்ணிப் பார்த்தால் 11. கேசட் கடைக் காலத்திலிருந்து காக்கா சேர்த்து வைத்திருந்தாராம்.